சேர்ந்து வாழவே ஒரு மத்தியஸ்தர் வேண்டும்: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். எங்களுக்குத் திருமணமாகி 11 ஆண்டுகள் ஆகின்றன. பிரியும் எண்ணம் இருவருக்கும் இல்லை. ஆனால் பணத்தை எப்படிச் செலவிடுவது, வீட்டு வேலையை எப்படிப் பகிர்வது என்ற இரண்டே கேள்விகள் வாரந்தோறும் சண்டையாகி, பிறகு நாள்கணக்கில் மௌனமாக நீள்கின்றன.

உறவினர்களை நடுவில் வைத்துப் பேசிப் பார்த்தோம். அவர்கள் ஒரு பக்கம் சாய்ந்தார்கள், மனக்கசப்புதான் மிச்சம். மனநல ஆலோசனை பழைய காயங்களைப் பேச உதவியது, அதை மறுக்க மாட்டேன். இப்போது தேவைப்படுவது அன்றாட வாழ்க்கைக்கான ஓர் உடன்பாடு. மத்தியஸ்தர் தீர்ப்புச் சொல்ல மாட்டார், தேவைப்பட்டால் இருவரையும் தனித்தனியாகவும் சந்திப்பார், ஒப்புக்கொண்டதை எழுதி வைக்கவும் உதவுவார் என்று அறிந்தபோது மனம் சற்று லேசானது.

விவாகரத்துக்காக அன்றி, உறவைச் சீராக்கவே இப்படிப் பேசியவர்கள் இருக்கிறீர்களா? தனியாகச் சொன்னதை அவர் மற்றவரிடம் சொல்லாமல் காத்தாரா? எழுதிய உடன்பாட்டைச் சில மாதங்கள் கழித்துத் திருத்த முடிந்ததா? என் கணவர் அதிகம் பேசாதவர். என் பேச்சு வேகத்தில் அவர் குரல் அமுங்கிவிடக் கூடாது என்பதே என் பெரிய கவலை. பொதுவில் எழுதத் தயங்குபவர்கள் தனிச்செய்தியில் எழுதுங்கள். இருவரும் சேர்ந்தே படிப்போம்.