300 பிஆர்எம்: கோத்தகிரி இறக்கத்துல விரல் மரத்துப் போகுது, என்ன பண்றது?

வணக்கங்க. அடுத்த மாசம் 300 கிமீ பிஆர்எம் (குறிச்ச நேரத்துக்குள்ள முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் ரைடு), 20 மணி நேரம் டைம். ரூட் கோயம்புத்தூர், மேட்டுப்பாளையம், கோத்தகிரி, ஊட்டி, அதே வழில ரிட்டர்ன், மிச்ச தூரம் சமவெளில. வடகிழக்கு பருவமழை டைம்ங்கறதால கீழ வெயில் மண்டையப் பொளக்கும், மேல போனா மிஸ்டும் மழையும்.

பிராக்டிஸ்ல ஏறும்போது வேர்வைல ஜெர்சி முழுக்க நனைஞ்சிருது, அப்படியே இறங்க ஆரம்பிச்சா ஹேர்பின் பெண்டு வர்றதுக்குள்ள விரல் மரத்துப் போய் பிரேக் லீவர அமுக்கவே முடியல, உடம்பு நடுங்கி ஹேண்டில்பாரும் ஆடுது, பின்னாடி பஸ் வேற ஹாரன் அடிச்சுட்டே வர்றான். சமவெளி வந்து கொஞ்ச நேரத்துல எல்லாம் சரியாயிடுது.

வண்டி ஸ்டீல் ஃப்ரேம், 32 எம்எம் டயர், கேபிள்ல இழுக்கற டிஸ்க் பிரேக். பேட், கேபிள் ரெண்டும் புதுசு, அதனால பிரேக்குல கோளாறு இல்லீங்க, கைலதான்.

ரெயின் ஜாக்கெட் போட்டுப் பாத்தேன், உள்ளயே வேர்வை தேங்குது. இறங்கறதுக்கு முன்னாடி ஜெர்சிக்குள்ள நியூஸ்பேப்பர் சொருகினேன், நெஞ்சுக்கு ஓகே, கைக்கு ஒண்ணும் ஆகல. ஃபுல் ஃபிங்கர் கிளவுஸ் நனைஞ்சா இன்னும் மோசம். அதுக்குள்ள சர்ஜிக்கல் கிளவுஸ் போட்டா காத்து அடிக்கல, ஆனா கை வேர்த்து ஊறிப் போகுது. கண்ட்ரோல் (வழில இருக்கற செக்பாயிண்ட்) தவிர வேற எங்கயும் யார்கிட்டயும் சப்போர்ட் வாங்கக் கூடாது, எல்லாத்தையும் சேடில் பேக்லயேதான் தூக்கணும்.

நீலகிரில மழைல ராத்திரி இறங்கினவங்க, கைக்கு என்ன போட்டீங்க, அத எந்த இடத்துல மாத்துனீங்க?