பழைய பாலத்தில் ரிவெட்டை எடுத்துவிட்டு போல்ட் போடலாமா?

இரும்புக்குஞ்சு:
ஒரு காண்டிராக்டரிடம் சைட் இன்ஜினியராகச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. நூறு வயது தாண்டிய ஒரு கர்டர் (இரும்பு உத்தரம்) பாலம் எங்கள் கையில் இருக்கிறது. கர்டரின் முனையைத் தாங்கும் பேரிங் பக்கம், கீழ் ஃபிளேஞ்சில் (கர்டரின் அடிப்பட்டையில்) பிளேட்டுகளைச் சேர்த்துப் பிடிக்கும் ரிவெட் ஆணிகளின் தலைகள் கரைந்து, சப்பிப் போட்ட நாவற்கொட்டை மாதிரி நிற்கின்றன. சூப்பர்வைசர், "கேஸ் வெச்சு 64 தலையையும் சீவிட்டு போல்ட்டைப் போடு, ஒரே நாள் வேலை" என்கிறார். ஆலோசகரோ பாலத்தின் பழமை போய்விடும், ரிவெட்தான் வேண்டும் என்கிறார். ரிவெட் அடிக்க ஆள் தேடி அலுத்துவிட்டது. போல்ட் போட்டால் பலம் குறையுமா?

பழைய ஸ்னாப்:
தம்பி, ரயில்வே பாலங்களில் முப்பத்தொரு வருஷம் குப்பை கொட்டியவன் சொல்கிறேன். பலம் குறையாது. ரிவெட்டைப் பழுக்கக் காய்ச்சி அடிக்கும்போது அது ஓட்டையை நிரப்பும், ஆறும்போது சுருங்கி பிளேட்டுகளை இறுக்கும். எவ்வளவு இறுக்கியது என்று அடித்தவனுக்கே தெரியாது. ஹை ஸ்ட்ரெங்த் (உயர் பலம் கொண்ட) போல்ட்டில் அப்படி இறுக்கிப் பிடிக்கும் இழுவிசையை நாம் சரிபார்த்துக்கொள்ளலாம். 1937இல் திறந்த கோல்டன் கேட் பாலத்திலேயே துருப்பிடித்த ரிவெட்டுகளுக்குப் பதில் அதே விட்டத்தில் இந்த போல்ட்டுகளைத்தான் போடுகிறார்கள். கடையில் கிடைக்கிற சாதா போல்ட்டை மட்டும் மாட்டிவிடாதே.

ஆனால் கேஸ் கட்டிங் வேண்டவே வேண்டாம். ஒரு சின்னப் பாலத்தில் எங்கள் ஆள் ஒருவரின் கை வழுக்கி, ஃபிளேஞ்ச் பிளேட்டில் பிறை நிலா மாதிரி ஒரு வெட்டு விழுந்தது. அதை மூட கவர் பிளேட் அடித்து முடிக்க நாலு நாள். பழைய செந்தூரப் பெயிண்டில் ஈயம் வேறு இருக்கும். சூட்டில் கிளம்பும் புகை நேரே நெஞ்சுக்குள்தான் போகும். தலையின் நடுவில் டிரில் போட்டு, உளியால் தலையைத் தட்டி எடு. தண்டை பஞ்ச் (தட்டித் தள்ளும் இரும்புக் கம்பி) வைத்துத் தள்ளு. வரவில்லையென்றால் முழுக்க டிரில் பண்ணு. அந்தக் காலத்து ஓட்டைகள் பிளேட்டுக்குப் பிளேட் கொஞ்சம் விலகித்தான் இருக்கும், ஓட்டையைச் செதுக்கி நேராக்கும் ரீமரை ஓட்டியே ஆக வேண்டும். முக்கால் மணி நேரம் ஆனாலும் சரி, ஒன்றை எடுத்து, போல்ட் போட்டு இறுக்கிய பிறகே அடுத்ததைத் தொடு. பிளேட்டுகளைப் பிரிக்கப் போவதில்லை, இடையில் பழைய பெயிண்டும் துருவும் அப்படியே இருக்கும். அதனால் டிசைன் ஆள் பிளேட்டுகளுக்கு இடையிலான உராய்வைக் குறைத்துக் கணக்குப் போடட்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் இதைச் செய். இடது கை ஆள்காட்டி விரலை ரிவெட் தலையையும் பிளேட்டையும் ஒருசேரத் தொடும்படி ஓரத்தில் வை. தலையின் மறு ஓரத்தில் 110 கிராம் சுத்தியலால் ஓங்கி ஒரு தட்டு. லூஸ் என்றால் விரல் சொல்லிவிடும். காதை நம்பாதே, பக்கத்தில் லாரி போனால் எல்லா ரிவெட்டும் ஒரே சத்தம்தான்.

மொட்டைபோல்ட்:
ஆலோசகரின் கவலைக்கு ஒரு வழி இருக்கிறது. டென்ஷன் கண்ட்ரோல் போல்ட் என்று ஒன்று வருகிறது, தலை ரிவெட் மாதிரியே உருண்டையாக இருக்கும். நட்டு பக்கமிருந்தே முடுக்குவார்கள். வேண்டிய இழுவிசை வந்ததும் நுனித் துண்டு தானாக முறிந்து விழும். உருண்டைத் தலையை ரோட்டுப் பக்கம் வைத்தால் போகிறவர் வருகிறவருக்கு வித்தியாசம் தெரியாது. உள்பக்கம் நட்டு தெரியத்தான் செய்யும், அங்கே காக்கா மட்டும்தான் பார்க்கும். எந்த ரிவெட்டை எப்போது மாற்றினீர்கள் என்று படத்தில் குறித்துவையுங்கள்.

இரும்புக்குஞ்சு:
இன்று காலை 64ஐயும் தட்டிப் பார்த்தேன் ஐயா. விரலுக்குத் தெரிந்தது ஒன்பதுதான்! ஒன்பதும் ஒரே முனையில், பேரிங்கை ஒட்டி வரிசையாக இருக்கின்றன. தலை கரைந்த மற்றவை அசையவே இல்லை.

பழைய ஸ்னாப்:
அசையாததை இப்போதைக்கு விடு, கரைந்த தலைகளை அளந்து டிசைன் ஆளிடம் கொடு. அப்புறம், ஒரே முனையில் வரிசையாக ஆடுகிறது என்றால் எனக்கு ரிவெட் மேல் சந்தேகமில்லை. அந்த பேரிங்கைச் சுத்தம் பண்ணிப் பார். வெயிலுக்கு கர்டர் நீள இடம் கொடுக்காமல் துருப்பிடித்து இறுகிக் கிடக்கலாம். அதைச் சரிசெய்யாமல் போல்ட் போட்டால் அதுவும் ஆட ஆரம்பிக்கும். பார்த்துவிட்டு போட்டோ போடு.