சாப்பாடு குடுக்குறதுக்கு முன்னாடி பிரசங்கம் வைக்கலாமா? எங்க சபையில ஒரே சண்டை

பாளை வாலிபன்:
எல்லாருக்கும் வணக்கம், கொஞ்சம் நீளமா இருக்கும் பொறுத்துக்கோங்க. எனக்கு திருநெல்வேலி, பரம்பரை கிறிஸ்தவக் குடும்பம். எங்க வாலிபர் கூட்டத்துல இருந்து சனிக்கிழமை மத்தியானம் ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி பக்கம் சாப்பாடு குடுக்குறோம். வாங்க வர்றது பெரும்பாலும் நோயாளி கூட துணைக்கு இருக்குறவங்க, சங்கரன்கோவில் கடையம் பக்கத்து கிராமங்கள்ல இருந்து வந்து வாரக்கணக்கா வராண்டாவுல துண்டை விரிச்சு படுத்துக் கிடக்குறவங்க. சாம்பார் சாதம், ஒரு முட்டை, தண்ணி பாக்கெட். வாங்குவாங்க போவாங்க, அவ்ளோதான்.

இப்ப ஒரு ஸ்பான்சர் கிடைச்சிருக்காரு. அதுல இருந்து கமிட்டியில சில பெரியவங்க முறையை மாத்தணும்ங்கிறாங்க. முதல்ல டோக்கன், அப்புறம் பக்கத்துல ஒரு ஹால்ல உக்கார வச்சு பாட்டு, செய்தி, ஜெபம், கைப்பிரதி, அதுக்கப்புறம் தான் பொட்டலம். பேரு, போன் நம்பர், ஜெபக்குறிப்பு எழுத ஒரு நோட்டு வேற. போன வாரம் டிரையல் பாத்தாங்க. செய்தி ஓடிட்டு இருக்கும்போது ஒரு அம்மா டோக்கனை முந்தானையில முடிஞ்சுக்கிட்டு என்கிட்ட வந்து "தம்பி, மேல புள்ள தனியா கெடக்கான், டிரிப்ஸ் தீந்தா நர்ஸம்மாவைக் கூப்பிடணும், எப்ப குடுப்பிய"ன்னு கேக்குறாங்க. செய்தி முடியட்டும்னு சொல்ல எனக்கு வாய் வரல, பின்பக்கமா கூட்டிட்டுப் போய் பொட்டலத்தை குடுத்து அனுப்பிட்டேன். அதுக்கு கமிட்டியில எனக்கு செம டோஸு. "ஆத்தும ஆதாயம் இல்லாத ஊழியம் வெறும் மெஸ்ஸு தம்பி"ன்னு செயலாளர் சொல்றாரு. ஆத்தும ஆதாயம்னா ஆளுங்களை இயேசுவோட விசுவாசத்துக்குக் கொண்டு வர்றது.

நம்புறத வெளிய சொல்லக்கூடாதுன்னு நான் சொல்லல. ஆனா இப்படியா? மத்த மதத்துக்காரங்களும் உங்க பக்கம் எப்படின்னு சொல்லுங்க. கட்சி சண்டை மட்டும் வேண்டாம் ப்ளீஸ்.

ஓரமா நிக்கிறவன்:
சோத்தைக் காட்டி ஆள் பிடிக்கிறீங்கன்னு நாங்க சொன்னப்பல்லாம் வதந்தின்னீங்க. இப்ப நீங்களே டோக்கனோட ஒத்துக்கிட்டீங்க, நன்றி.

மூணாந்தலைமுறை:
மேல இருக்குற அண்ணனுக்கு முதல்ல பதில். எங்க தாத்தா மாறினவரு, நாங்க பட்டியல் சாதி. 1950 ஜனாதிபதி ஆணைப்படி இந்துவா இருந்தா தான் எஸ்சி, பின்னாடி 1956ல சீக்கியரையும் 1990ல பௌத்தரையும் சேத்துக்கிட்டாங்க, கிறிஸ்தவனா மாறினா அந்த சர்ட்டிபிகேட் போச்சு, தமிழ்நாட்டுல பிசி லிஸ்ட்டுக்கு போயிடணும். தனித்தொகுதி, எஸ்சி இடஒதுக்கீடு, வன்கொடுமைச் சட்டப் பாதுகாப்பு அத்தனையும் விட்டுட்டு ஒருத்தன் சாம்பார் சாதத்துக்கு மாறினான்னு சொல்றீங்க, கணக்கு உதைக்கலையா? 1981ல மீனாட்சிபுரத்துல நூத்துக்கணக்கான பேர் இஸ்லாத்துக்குப் போனாங்க, இங்க இருக்குற தென்காசி பக்கம் தான், அப்பவும் அரபு நாட்டுப் பணம்னு தான் பேச்சு, போனவங்க சொன்னது சாதிக்கொடுமைன்னு. அதைக் காதுல வாங்கினவங்க எத்தனை பேரு?

ஆனா பாளை தம்பி, உங்க கமிட்டி மாதிரி ஆளுங்களால தான் எங்களுக்கு இந்தப் பேச்சு. தாது வருஷப் பஞ்சம் கேள்விப்பட்டிருப்பீங்க, 1876ல இருந்து 78 வரைக்கும். அதை ஒட்டி மிஷனரி கால்டுவெல் காலத்துல நம்ம ஜில்லாவுல ஆயிரக்கணக்குல சபையில சேந்தாங்க. அதுல மனசார நம்பி வந்தவன், சாதி மிதிக்குதுன்னு வந்தவன், அப்பனோட வந்தவன்னு எல்லா வகையும் இருந்திருப்பான். அத்தனை பேரையும் "கஞ்சிக்கு வந்தவன்"னு ஒரே சொல்லுல அடிச்சிட்டுப் போறாங்க, இன்னிக்கு அவன் பேரன் நான் வாங்கிக் கட்டிக்கிறேன். நீங்க டோக்கன் போட்டீங்கன்னா அந்தப் பேச்சுக்கு நீங்களே ரசீது கிழிச்சுக் குடுத்த மாதிரி.

கிராம ஊழியர்:
பிரதர், உங்க மனபாரம் புரியுது, ஆனா மறுபக்கமும் கேளுங்க. நான் முழுநேர ஊழியத்துல இருக்கேன். ஒருத்தனுக்கு சாப்பாடு குடுக்குறேன், அதைவிடப் பெரிய ஒண்ணு என்கிட்ட இருக்குன்னு நான் நிஜமாவே நம்புறேன், அதை மட்டும் வாயே திறக்காம மறைச்சு வச்சுக்கிட்டா அது என்ன அன்பு? யாரு அனுப்பினான்னு சொல்லாம உதவி செய்யறது தான் சந்தேகத்தைக் கிளப்பும். அரசியல் சட்டம் 25வது பிரிவுல மதத்தைப் பரப்புற உரிமை இருக்கு. தமிழ்நாட்டுல 2002ல கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் கொண்டு வந்தாங்க, 2004 தேர்தல்ல தோத்ததும் ஜெயலலிதாவே வாபஸ்னு அறிவிச்சாங்க. வேலூர் சிஎம்சியைப் பாருங்க, ஐடா ஸ்கட்டர் அம்மா 1900ல ஒத்தைக் கட்டில்ல ஆரம்பிச்சது, ஊழியமா தான் ஆரம்பிச்சாங்க, இன்னிக்கும் உள்ள ஆராதனை நடக்குது, யாரும் அதைத் தப்பா சொல்றதில்லையே.

கோர்ட்டு வாசல்:
ஊழியர் ஐயா, சிஎம்சி உதாரணம் உங்களுக்கு எதிரா இல்ல போகுது! ஆராதனைக்கு வந்தியான்னு கேட்டுட்டா ஓபி சீட்டு போடுறாங்க? பிரச்சனையே அந்த வரிசை தான்.

சட்டத்துல பாதி தான் சொன்னீங்க. 1977ல ஸ்டானிஸ்லாஸ் வழக்குல சுப்ரீம் கோர்ட் தெளிவா சொல்லிடுச்சு, பரப்புற உரிமைன்னா உன் கொள்கையை எடுத்துச் சொல்ற உரிமை, அடுத்தவனை மாத்துற உரிமை இல்லன்னு. இங்க இப்ப மதமாற்றத் தடைச் சட்டம் இல்ல, சரி. ஆனா உத்தரப் பிரதேசத்துல 2021 சட்டத்துல ஆசை காட்டுறதுங்கிற வார்த்தைக்குள்ள பரிசுப் பொருள், வேலை, மத அமைப்பு நடத்துற நல்ல ஸ்கூல்ல இலவசப் படிப்பு வரைக்கும் போட்டு வச்சிருக்காங்க. அந்தச் சட்டம் என்னைக் கேட்டா அநியாயத்துக்கு அகலம், சும்மா நோட்டு புக்கு குடுத்தவனைக் கூட இழுக்கலாம். ஆனா அப்படி ஒரு சட்டம் எழுதுறவனுக்கு உதாரணம் எங்க கிடைக்குது? ஹால்ல உக்கார வச்சு பொட்டலத்தைக் கண்ணுல காட்டிக்கிட்டே பிரசங்கம் பண்ற இடத்துல தான்.

நான் கிறிஸ்தவன் இல்ல, இருந்தாலும் கேக்குறேன். இயேசு பத்து குஷ்டரோகிகளை சுகமாக்கினாரு, திரும்பி வந்து நன்றி சொன்னவன் ஒருத்தன், அவனும் சமாரியன். மத்த ஒம்போது பேரு எங்கன்னு கேட்டாரே தவிர குடுத்த சுகத்தைத் திரும்ப வாங்கிட்டாரா?

தருமசாலை தொண்டன்:
நம்ம பக்கம் வடலூர். வள்ளலார் 1867ல தருமசாலை ஆரம்பிச்சப்போ மூட்டின அடுப்பு இன்னிவரைக்கும் அணையல. நீங்க வந்தீங்கன்னா காலைல பொங்கல், மத்தியானம் சாதம் சாம்பார், யாரு என்ன சாதி என்ன மதம்னு ஒரு கேள்வி கிடையாது, கறி தின்னுட்டு வந்தவனும் இலையில உக்காரலாம். ஆனா கொஞ்ச தூரத்துல அவரோட வழிபாட்டு இடமான சத்திய ஞான சபை வாசல்ல "கொலை புலை தவிர்த்தோர் மட்டுமே உள்ளே புகுதல் வேண்டும்"னு எழுதியிருக்கும், அதாவது உயிரைக் கொல்லாதவங்க, கறி தின்னாதவங்க மட்டும். ரெண்டையும் சேத்துப் பாருங்க. வள்ளலாருக்குக் கொள்கை இல்லாம இல்ல, ரொம்ப கறாரான கொள்கை, அதைப் பரப்பவும் ஆசைப்பட்டாரு. அந்தக் கண்டிஷனை சபை வாசல்ல வச்சாரு, சோத்துல வைக்கல.

இன்னொண்ணும் சொல்றேன், நம்ம ஆளுங்க கோவிச்சுக்கக் கூடாது. சில கோயில் அன்னதானத்துல நெத்தியைப் பாத்து முகம் சுளிக்கிற ஆளுங்களையும் பாத்திருக்கேன். கிறிஸ்தவங்க மட்டும் தான் இப்படின்னு மேல ஓரமா நிக்கிறவரு ரொம்ப சந்தோசப்பட வேண்டாம்.

கீழக்கரை பாய்:
அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். எங்கள்ளயும் இந்த விவாதம் பழசு. ஜகாத், அதாவது எங்க கட்டாய தர்மம், யாருக்குக் குடுக்கலாம்னு குர்ஆன்ல எட்டு வகை வருது, அதுல ஒண்ணு உள்ளங்கள் ஈர்க்கப்பட வேண்டியவங்க, அதாவது இஸ்லாத்துப் பக்கம் மனசு சாயணும்னு குடுக்குறது. ஆரம்ப காலத்துல குடுத்தாங்க, உமர் கலீஃபா இஸ்லாம் இப்ப பலமாயிடுச்சு, இனி அது தேவையில்லன்னு நிறுத்திட்டாருன்னு ஹஜ்ரத்மார்கள் பயான்ல சொல்வாங்க. சதக்கா வேற, அது நாமளா விரும்பிக் குடுக்குற தர்மம், யாருக்கும் குடுக்கலாம். ஆரம்பத்துல சிலர் இஸ்லாத்துக்கு வராத சொந்தக்காரங்களுக்குக் குடுக்காம நிறுத்தி வச்சாங்களாம், அப்படியாவது வரட்டும்னு. அப்ப இறங்கின வசனம் தான் அவங்களை நேர்வழிக்குக் கொண்டு வர்றது உங்க பொறுப்பு இல்லங்கிறது. அதாவது உங்க செயலாளர் சொல்ற அதே ஐடியாவை அப்பவே ஒருத்தர் யோசிச்சிருக்காரு, வேணாம்னு பதிலும் வந்திருக்கு.

2015 சென்னை வெள்ளத்துல பள்ளிவாசல்களைத் திறந்து விட்டப்போ நான் அங்க தான் வேலைல இருந்தேன். இடுப்பளவு தண்ணில கைக்குழந்தையோட வர்றவங்ககிட்ட தாவா பண்ணணும்னு, அதாவது மார்க்கத்துக்குக் கூப்பிடணும்னு, யாருக்குங்க தோணும்? பாய் விரிச்சுக் குடுத்தோம், பால் பவுடர் தேடினோம். அப்புறம் மாசக்கணக்கா சிலர் போன் பண்ணிப் பேசிக்கிட்டு இருந்தாங்க, நோன்புக் கஞ்சிக்கு வந்தாங்க, மார்க்கத்தைப் பத்தி அவங்களா கேட்டாங்க, சொன்னோம். கேட்டவருக்கு சொல்றதுல என்ன தப்பு இருக்கு.

கிராம ஊழியர்:
பாய் சொன்னதை ஏத்துக்கிறேன். டோக்கன் முறையை நானும் ஆதரிக்கல, அதைத் தெளிவா சொல்லாம விட்டுட்டேன். ஆனா கேட்டா மட்டும் தான் சொல்லணும்ங்கிறதுல எனக்கு இன்னும் உடன்பாடு இல்ல, கூப்பிடவாவது எனக்கு உரிமை வேணும். சாப்பாடு எல்லாருக்கும் குடுத்து முடிச்சப்புறம், இஷ்டம் இருக்குறவங்க வாங்கன்னு கூப்பிட்டா யாரும் குறை சொல்ல முடியாது.

மூணாந்தலைமுறை:
சரி ஐயா, ஆனா அந்த நோட்டு? போன் நம்பர் வாங்குனா அடுத்த வாரம் போன் வரும். புள்ள ஐசியூவுல இருக்கும்போது வாசல்ல சோறு போட்டவரு போன் பண்ணி ஞாயித்துக்கிழமை வாங்கன்னா எந்தத் தாய் முடியாதுன்னு சொல்லுவா? அதுவும் டோக்கன் தான், கண்ணுக்குத் தெரியாது அவ்ளோதான்.

பாளை வாலிபன்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்ளோ நிதானமா பேசுவீங்கன்னு எதிர்பாக்கல. வர்ற ஞாயிறு கமிட்டியில வைக்கப்போறேன்: வந்த உடனே சாப்பாடு, டோக்கன் கிடையாது, நோட்டு கிடையாது, சபை பேரு பேனர்ல இருக்கும், ஜெபம் வேணும்னு கேக்குறவங்களுக்குப் பக்கத்து மரத்தடியில ரெண்டு பேர் இருப்பாங்க. செயலாளர் எப்படியும் ஒத்துக்க மாட்டாரு, ஸ்பான்சருக்கு மாசாமாசம் ரிப்போர்ட் போகணுமாம், ஹால்ல ஜனங்க கை தூக்கி நிக்கிற போட்டோ வேணுமாம். அது இல்லன்னா பணம் நின்னுடும்ங்கிறாரு. இதுக்கு என்ன பதில் சொல்றது?

கீழக்கரை பாய்:
காலியான அண்டாவை போட்டோ எடுத்து அனுப்புங்க தம்பி. அதுக்குப் பணம் தர மாட்டேன்னா அந்தப் பணம் எதுக்கு? சாம்பார் சாதத்துக்கு மாசம் எவ்வளவு ஆகுதுன்னு இன்பாக்ஸ்ல சொல்லுங்க, முட்டை செலவு என்னோடது.