இரண்டு மேடு காட்டும் விட்ரினைட் ஹிஸ்டோகிராம்: எந்த எண்ணை எழுதுவது?

ஷேல்_மாணவன் (கேள்வி)

வணக்கம். காவிரிப் படுகையின் மூலப்பாறைகளில் (எண்ணெய் உருவாகும் பாறைகளில்) முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். பழைய கிணறு ஒன்றிலிருந்து 1850, 2240, 2640 மீட்டர் என மூன்று ஆழத்துக் கட்டிங்ஸ் (துளைக்கும்போது சேற்றோடு மேலே வரும் பாறைச் சில்லுகள்) கிடைத்தன. கடைசியாகச் சொன்னது ஆண்டிமடம் படிவம், கிரெட்டேசியஸ் காலத்துப் பாறை. கோர் (முழுத் தண்டாக வெட்டியெடுத்த பாறை) எதுவும் இல்லை. அமிலத்தில் தாதுக்களைக் கரைத்து, கெரோஜனை (பாறையிலுள்ள கரிமப் பொருளை) மட்டும் பிரித்து, ரெசினில் பெல்லட் (வில்லை) போட்டு, பாலிஷ் செய்து விட்ரினைட் எதிரொளிப்பு (கரித்துகள் எத்தனை சதவீத ஒளியைத் திருப்புகிறது என்பது, பாறை பட்ட சூட்டைக் காட்டும் எண்) அளந்தேன்.

2640 மீட்டர் மாதிரியில் 60 துகள் அளந்தேன். ஹிஸ்டோகிராமில் இரண்டு மேடு. 38 துகள்கள் 0.44% பக்கம், 17 துகள்கள் 0.78% பக்கம். மீதி ஐந்தும் 1.2-க்கு மேல் சிதறிக் கிடக்கின்றன. எல்லாவற்றையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் 0.60. வழிகாட்டி, "0.60 என்றே எழுது, எண்ணெய் உருவாகத் தொடங்கும் கட்டம் என்று சொல்லிவிடலாம்" என்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. 0.60-இல் ஒரு துகள்கூட இல்லையே! சராசரி வேண்டாம் என்றால் பெரிய மேட்டை எடுப்பதா, சின்னதை எடுப்பதா? 0.44 என்றால் பாறை இன்னும் முதிரவில்லை. 0.78 என்றால் எண்ணெய் நன்றாகவே உருவாகியிருக்கும். ஆய்வேட்டின் முடிவே இதில்தான் தொங்குகிறது.

படுகை_கணக்கர்

ராக்-இவால் (பாறைத்தூளைச் சூடாக்கிப் பார்க்கும் சோதனை) செய்திருப்பீர்களே, டிமாக்ஸ் (ஹைட்ரோகார்பன் மிக அதிகமாக வெளியேறும் வெப்பநிலை) எவ்வளவு? எஸ்2 (அப்படி வெளியேறும் அளவு) எவ்வளவு? மற்ற இரண்டு ஆழத்து எண்களையும் சொல்லுங்கள். ஒரே ஆழத்தை வைத்துக்கொண்டு இதற்குப் பதில் சொல்ல முடியாது.

ஷேல்_மாணவன்

2640-இல் டிமாக்ஸ் 439 டிகிரி, எஸ்2 கிராமுக்கு 2.1 மில்லிகிராம். மற்ற இரண்டிலும் இதே இரட்டை மேடுதான். 1850 மீட்டரில் 0.43, 0.58. 2240 மீட்டரில் 0.45, 0.66.

படுகை_கணக்கர்

எஸ்2 அந்த அளவு இருந்தால் டிமாக்ஸை ஓரளவு நம்பலாம். 0.018-ஐ 439-ஆல் பெருக்கி 7.16 கழித்தால் விட்ரினைட் சமான மதிப்பு 0.74. இந்தச் சூத்திரம் அமெரிக்காவின் பார்னெட் ஷேல் என்ற களிப்பாறைக்காக வந்தது. உங்கள் பாறையில் நிலத்தாவரப் பொருள் அதிகம் என்றால் இதைத் துணைச் சாட்சியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஆனாலும் சின்ன மேட்டின் பக்கம்தான் சாய்கிறது. துகளைப் பார்த்துச் சொல்ல நான் ஆள் இல்லை. தன்பாத் அக்கா வந்தால் சொல்வார்.

தன்பாத்_தமிழ்

தம்பி, நீங்கள் கொடுத்த மூன்று ஆழத்து எண்களிலேயே பாதி விடை இருக்கிறது. 0.43, 0.45, 0.44. கிட்டத்தட்ட 800 மீட்டர் ஆழம் கூடியிருக்கிறது, எண் நகரவே இல்லை. பூமிக்குள் இறங்க இறங்கச் சூடு ஏறும், விட்ரினைட்டும் பளபளப்பு கூடிக்கொண்டே போகும். அப்படிப் போகாத துகள் அந்த ஆழத்தில் வெந்த துகள் இல்லை, வெளியிலிருந்து வந்து சேர்ந்தது. இன்னொரு வரிசையைப் பாருங்கள்: 0.58, 0.66, 0.78. இதுதான் பாறையோடு சேர்ந்து புதைந்து, அதனோடு சேர்ந்தே முதிர்ந்தது.

இவ்வளவு உறுதியாக நான் சொல்வதற்குக் காரணம், இதே இடத்தில் நானே ஒருமுறை தவறிவிட்டேன். ஏறக்குறைய இருபது வருடத்துக்கு முன்னால் ஒரு கிணற்றின் கட்டிங்ஸ் எங்கள் மேஜைக்கு வந்தது. 900 மீட்டரிலிருந்து 2700 வரை எதை அளந்தாலும் 0.38. துகள்களும் அழகானவை, பெரியவை, கீறல் இல்லாதவை, அளக்கச் சுகமானவை. ஹைட்ரஜன் மிகுந்த விட்ரினைட் உண்மையான முதிர்ச்சியைவிடக் குறைத்துக் காட்டும் என்று படித்திருந்தேன். அதையே காரணமாக எழுதிக் கையெழுத்தும் போட்டு அனுப்பிவிட்டேன். சில மாதம் கழித்து அதே கிணற்றின் கோர் துண்டு ஒன்று வந்தது. 2600 மீட்டருக்குப் பக்கத்து ஆழம். அதில் 0.82. அன்றைக்குத்தான் டிரில்லிங் மட் (துளையிடும் சேறு) அறிக்கையைக் கேட்டு வாங்கிப் படித்தேன். சேற்றின் பாகுத்தன்மையைச் சரிசெய்ய 800 மீட்டரிலிருந்தே பழுப்பு நிலக்கரித் தூளைக் கலந்திருக்கிறார்கள். நான் அளந்தது பாறையை அல்ல, மூட்டையில் வந்த தூளை. அந்த முதல் அறிக்கையை வைத்து யாராவது முடிவெடுத்திருப்பார்களோ என்ற எண்ணம் பல நாள் தூங்கவிடவில்லை. அதற்கப்புறம் மட் அறிக்கை இல்லாமல் கட்டிங்ஸ் பெல்லட்டை நுண்ணோக்கியில் வைப்பதில்லை.

உங்கள் கிணற்றில் இரண்டு வாய்ப்பு உண்டு. ஒன்று, இதே மாதிரி சேற்றுக் கலவை. இன்னொன்று, மேல் அடுக்குகளிலிருந்து சரிந்து விழுந்த துகள். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி இருக்கும் படுகை அல்லவா இது, மேலே கரி அடுக்கு இருந்தால் துளைக்கும்போது உதிர்ந்து கீழே வரும். எது என்று கண்டுபிடிக்கக் கிணற்றில் கேசிங் (சுவரைத் தாங்கும் இரும்புக் குழாய்) எந்த ஆழம் வரை இறக்கினார்கள் என்று கோப்பில் பாருங்கள். கேசிங் போட்டு சிமென்ட் அடைத்தபின் அதற்கு மேலிருந்து எதுவும் உதிர வழியில்லை.

சரி, துகளுக்கு வருவோம். இங்கேதான் ஒரு சிக்கல். நீங்கள் கெரோஜனைப் பிரித்து பெல்லட் போட்டிருக்கிறீர்கள். அமிலம் பாறையைக் கரைத்துவிட்டது, துகள் எங்கே உட்கார்ந்திருந்தது என்ற தடயமும் அதோடு போய்விட்டது. சொந்த ஊர் எது, வந்தேறி எது என்று அந்தப் பெல்லட்டில் தெரியாது. மிச்சம் இருக்கும் கட்டிங்ஸை நன்றாகக் கழுவி, பைனாகுலர் நுண்ணோக்கியின் கீழ் ஷேல் சில்லுகளை மட்டும் ஊசியால் பொறுக்கி, கரைக்காமல் அப்படியே ரெசினில் போடுங்கள். அலுப்பான வேலைதான், ஒரு நாள் போய்விடும். ஆனால் செய்துவிட்டால் பார்த்ததுமே புரியும். ஷேலின் சொந்த விட்ரினைட் படலத்துக்கு இணையாக மெல்லிய கீற்றாகக் கிடக்கும், சில சமயம் பத்து மைக்ரான்கூட இருக்காது. பக்கத்திலேயே பைரைட் உருண்டைகள் ராஸ்பெர்ரி பழம் போலத் திரண்டிருக்கும். கலவைத் தூளோ ரெசினில் தனியாக மிதக்கும். ஓரம் கண்ணாடிச் சில்லு மாதிரி கூராக இருக்கும், ஒட்டிய களிமண் துளிகூட இருக்காது, மரத்தின் செல் சுவர்கூடப் பல நேரம் அப்படியே தெரியும்.

அந்த 1.2-க்கு மேற்பட்ட ஐந்தைப் பற்றியும் கேளுங்கள். அவை பழைய பாறை அரிந்து வந்து இந்த ஷேலில் மறுபடி படிந்தவையாக இருக்கலாம். ஓரம் மழுங்கி, உருண்டு, விளிம்பில் ஆக்சிஜன் பட்ட வளையத்தோடு இருந்தால் அதுதான். செல் குழிகள் வெறுமையாக, சுவர் வெள்ளையாக மின்னினால் அது விட்ரினைட்டே இல்லை, இனர்டினைட் (எரிந்த அல்லது ஆக்சிஜன் ஏறிய மரப்பொருள்). தனக்கென்று வடிவம் இல்லாமல் இடுக்குகளை நிரப்பிக்கொண்டு கிடந்தால் திடப் பிட்டுமென் (எண்ணெய் இறுகிய எச்சம்). அதையும் அளக்கலாம், 0.618-ஆல் பெருக்கி 0.40 கூட்டினால் விட்ரினைட் சமான மதிப்பு வரும், ஆனால் அதைத் தனி நெடுவரிசையில்தான் எழுத வேண்டும்.

அளவீட்டுப் பக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும், ஆனாலும் ஒரு வார்த்தை. 0.5% என்றால் விழும் ஒளியில் நூறில் அரைப் பங்குதான் திரும்பி வருகிறது. அவ்வளவு மங்கலான ஒளியை அளக்கிறோம், ஒரு கீறல்கூட எண்ணைக் கீழே இழுத்துவிடும். 546 நானோமீட்டர் வடிகட்டி, 1.518 ஒளிவிலகல் எண் கொண்ட எண்ணெய், 23 டிகிரி. மே மாதத்தில் ஏசி வேலை செய்யாத அறையில் அளக்காதீர்கள். ஸ்டாண்டர்ட் (எதிரொளிப்பு தெரிந்த ஒப்பீட்டுப் படிகம்) குறைந்தது இரண்டு வேண்டும், உங்கள் வரம்புக்கு 0.59 நீலக்கல்லும் 0.90 யாக் (YAG) படிகமும் போதும். ஒவ்வொரு பெல்லட்டுக்கும் முன்னும் பின்னும் ஸ்டாண்டர்டைப் பாருங்கள்.

வழிகாட்டியிடம் வாதம் பண்ண வேண்டாம். புதிய பெல்லட்டைப் பொருத்தி, ஒரு கீற்றையும் ஒரு மிதக்கும் சில்லையும் நேராகக் காட்டுங்கள்.

ஆர்வமுள்ள_வாசகன்

நான் புவியியல் படித்தவன் இல்லை, தலைப்பு புரியாமல் உள்ளே வந்தேன். ஒரு கரித்துகள் எப்படி வெப்பமானி ஆகிறது? ஆறிய பிறகு பழையபடி மாறிவிடாதா?

தன்பாத்_தமிழ்

மாறாது, அதுதான் அதன் அருமை. விட்ரினைட் என்பது மரக்கட்டையின் செல் சுவர் மக்கி வந்தது. சூடு ஏறும்போது ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் வெளியேறி, கார்பன் வளையங்கள் ஒன்றோடொன்று இணைந்து தகடு தகடாக அடுக்கி நிற்கத் தொடங்கும். அடுக்கு ஒழுங்காக ஆக ஆக ஒளி அதிகம் திரும்பும். வெந்த சோறு அரிசி ஆகாது, அப்படித்தான் இதுவும். பாறை பின்னால் மேலே வந்து ஆறினாலும், அதிகபட்சம் எவ்வளவு சூடு பட்டது, எவ்வளவு காலம் பட்டது என்ற பதிவு துகளில் நிற்கும். தோராயமாக 0.6 முதல் 1.3 வரை எண்ணெய்க் கட்டம், அதற்கு மேல் 2 வரை ஈர வாயு, பிறகு உலர் வாயு. மரம் நிலத்தில் தோன்றாத காலத்துப் பாறையில் மட்டும் இது பயன்படாது.

தாமோதர் பள்ளத்தாக்கில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். நிலக்கரி அடுக்கைக் கிழித்துக்கொண்டு எரிமலைக் குழம்பு ஏறிய இடங்களில், அதை ஒட்டிய கரி வெந்து இயற்கைக் கோக்காக மாறியிருக்கும். சுரங்கத்தில் அதை 'ஜாமா' என்பார்கள். ஜரியாவில் ஒரு தடவை குழம்புச் சுவரிலிருந்து தள்ளித் தள்ளி மாதிரி எடுத்தேன். தூரத்தில் 1.1 காட்டிய அதே கரி, சுவரை நெருங்கியதும் 3-ஐத் தாண்டியது. கையில் எடுத்தால் சாம்பல் நிறத்தில் சொரசொரப்பாக இருந்தது. அடுக்கு ஒன்றுதான், மரமும் ஒன்றுதான், பட்ட சூடு மட்டும் வேறு.

ஷேல்_மாணவன்

அக்கா, பத்து நாள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். கோப்பைத் தேடினேன். கேசிங் 1600 மீட்டர் வரை. ஆக மேலேயுள்ள கரி அடுக்கிலிருந்து விழ வாய்ப்பில்லை. மட் அறிக்கையின் பக்கங்கள் கோப்பில் இல்லை, ஆனால் கழுவிய நீரைச் சல்லடையில் வடித்தபோது பழுப்பு நிறத் தூள் தங்கியது. அதை மட்டும் தனியாகப் பெல்லட் போட்டு அளந்தேன், 0.44.

ஷேல் சில்லுகளைப் பொறுக்கிப் புதிதாகப் பெல்லட் போட்டதில், நீங்கள் சொன்ன கீற்றுகள் அப்படியே இருந்தன, பைரைட் உருண்டை உட்பட. 2640-இல் 23 துகள், சராசரி 0.76. 2240-இல் 21 துகள், 0.67. 1850-இல் 9 துகள்தான் தேறியது, 0.57. ஒரு சில்லுக்குள்கூட 0.44 கிடைக்கவில்லை. முன்பு 1.2-க்கு மேல் வந்தவற்றில் மூன்று செல் குழியோடு இருந்த இனர்டினைட்.

வழிகாட்டி நுண்ணோக்கி முன் அரை மணி நேரம் உட்கார்ந்தார். பழைய பெல்லட்டையும் எடுத்து வரச் சொன்னார். கடைசியில் "0.76 போடு, தூளின் படத்தையும் பின்னிணைப்பில் சேர்" என்றார். மிகவும் நன்றி அக்கா.

இப்போது மூன்று புள்ளியையும் ஆழத்துக்கு எதிராக மடக்கை அளவில் வரைந்து, கோட்டை மேலே நீட்டி, அரிந்துபோன படிவத்தின் கனத்தைக் கணக்கிடலாமா?

படுகை_கணக்கர்

வேண்டாம். கோட்டை நீட்டினால் தரைமட்டத்தில், புதையாத பொருளுக்குரிய 0.2-க்கு மேல் வந்து, ஏதோ அரிமானம் நடந்ததுபோலத் தோன்றும். மூன்று புள்ளியில், அதுவும் கிட்டக் கிட்ட இருக்கும் மூன்றில், அந்தச் சரிவை நம்பி கனம் சொல்ல முடியாது. முதலில் மேல் பகுதியிலிருந்து இன்னும் நான்கைந்து மாதிரி கேளுங்கள். புதைந்த வரலாறும் கிணற்று வெப்பநிலையும் கிடைத்தால் ஈஸி-ஆர்ஓ (வெப்ப வரலாற்றிலிருந்து எதிரொளிப்பைக் கணக்கிடும்) முறையில் ஓட்டிப் பார்க்கலாம், நான் உதவுகிறேன்.

தன்பாத்_தமிழ்

கழுவிய தூளைத் தனியாக அளந்தீர்களே, அது எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை. நல்ல வேலை தம்பி. வரைபடத்தில் ஒன்று மட்டும் கவனியுங்கள். 20-க்கும் குறைந்த துகளில் வந்த மதிப்பை மற்றவற்றோடு ஒரே மாதிரி குறிக்காதீர்கள். 2640-ஐயும் 2240-ஐயும் நிரப்பிய வட்டமாகப் போடுங்கள். 1850-ஐ வெறும் வட்டமாக விட்டு, பக்கத்தில் 9 என்று எழுதுங்கள்.