தண்ணீர் பட்டாலே முகம் எரிகிறது: எதை நிறுத்துவது?

நெய்தல்: இரண்டு வேளையும் 2% சாலிசிலிக் ஆசிட் ஃபேஸ்வாஷ், காலையில் வைட்டமின் சி சீரம், தினமும் இரவில் 7% கிளைகாலிக் ஆசிட் டோனர், அதன்மேல் ரெட்டினால் (வைட்டமின் ஏ வகை) க்ரீம். இப்போது வெறும் தண்ணீர் பட்டாலே மூக்கோரம் எரிகிறது. எண்ணெய் வழிகிறது, ஆனால் தோல் இழுத்துப் பிடிக்கிறது. தேங்காய் எண்ணெய் தடவலாமா?

மழைக்காகம்: நாலையும் இன்னைக்கே நிறுத்துங்க. தோலோட மேலடுக்குல செத்த செல்களுக்கு இடையில செராமைடுங்கிற கொழுப்பு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலம் மூணும் சேர்ந்து இடுக்கை அடைச்சிருக்கும். உள்ளே இருக்கிற ஈரத்தைக் காக்கிறது அதுதான். ஒரே ராத்திரியில ஆசிடும் ரெட்டினாலும் போட்டா, அது கட்டுறதுக்குள்ள உரிஞ்சுடுது.

காலையில வெறும் தண்ணி போதும். வெந்நீர் வேண்டாம். ராத்திரி நுரைக்காத, வாசனை சேர்க்காத க்ளென்சர். துண்டால தேய்க்காம ஒத்தி எடுத்து, ஈரம் காயறதுக்குள்ள செராமைடு இருக்கிற மாய்ஸ்சரைசர். மூக்கோரம், உதட்டோரம் மட்டும் வாசலினை மெல்லிசா தடவுங்க. பகல்ல ஜிங்க் ஆக்சைடு சன்ஸ்க்ரீன். மத்ததைவிட இது எரிச்சல் கம்மி. குறைஞ்சது ரெண்டு மூணு வாரம் இப்படியே. நாலாம் நாளே எரிச்சல் அடங்கினாலும், உடனே டோனரைக் கையில எடுக்காதீங்க. பலர் கெடுத்துக்கிறது அங்கேதான்.

உப்புக்கல்: தேங்காய் எண்ணெய் கை காலுக்குச் சரி. பரு வரும் முகத்துக்கு வேண்டாம், துளையை அடைக்கும். குளியல் சோப்பும் முகத்துக்கு ஆகாது. தோலின் பிஎச் (அமில-கார அளவு, 7க்குக் கீழே அமிலம், மேலே காரம்) 5ஐ ஒட்டி இருக்கும், சோப்போ 9, 10. செராமைடு உருவாக்கும் நொதிகளுக்கு அமிலத்தன்மை தேவை. அதற்காக எலுமிச்சைச் சாறு தேய்த்துவிடாதீர்கள், அதன் பிஎச் 2தான், வெந்துவிடும். முல்தானி மட்டி, கடலை மாவு ஸ்க்ரப்பும் இப்போது கூடாது.

மழைக்காகம்: திரும்ப ஆரம்பிக்கும்போது ஒண்ணே ஒண்ணு. ரெட்டினால்னா வாரத்துக்கு ரெண்டு ராத்திரி, முகம் முழுக்கச் சேர்த்து ஒரு பட்டாணி அளவு, நல்லாக் காய்ஞ்ச தோல்ல, மாய்ஸ்சரைசருக்கு மேல. ஒரு மாசம் ஒத்துக்கிட்டா அடுத்தது. சாலிசிலிக் ஃபேஸ்வாஷ் இருந்தா கிளைகாலிக் எதுக்கு?

உப்புக்கல்: ஒன்று கேட்க வேண்டும்: கடையில் வாங்கிய "வெள்ளையாக்கும்" நைட் க்ரீம் எதுவும் போட்டீர்களா? அட்டையில் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு. நிறுத்தியதும் முகம் சிவந்து கொதிக்கும், மாய்ஸ்சரைசர் மட்டும் போதாது. அந்த ட்யூபையும் எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் போங்கள். நீர் கசிந்தாலோ மஞ்சள் பொருக்கு கட்டினாலோ அன்றே போய்விடுங்கள்.