மறுமொழி: ‘அம்பியன்ற்’ - சூழலிசையா, சூழிசையா?

வணக்கம்.

என்ட பெறாமகன்ட இறுவட்டு அட்டை வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகுது. அதில் ‘அம்பியன்ற்’ என்கிற இசைவகைக்கு என்ன தமிழ்ச் சொல் போடுவது என்பதுதான் கேள்வி. நீட்டாமல் எழுதப் பார்க்கிறேன். என்னால் ஏலாது என்று உங்களுக்குத் தெரியும்.

புதிதாக வந்தவர்களுக்கு: என்ட பெறாமகன் வவுனியாவில் ஒரு குழுவில் கிற்றார் வாசிக்கிறவன். கிற்றார் சத்தத்தைப் புகையாக்கி, பாடுகிறவரின் சொல்லை அதுக்குள்ளே தாழவிடுகிற வகை. இங்கிலாந்துப் பத்திரிகைக்காரர் 1990 அளவில் ‘சூகேஸ்’ என்று பகிடியாகப் பெயர் வைத்தது இதற்குத்தான். சனத்தைப் பாராமல் காலடியில் கிடந்த, சத்தத்தை மாற்றுகிற பெடல்களையே பார்த்து வாசித்தார்களாம், அதனால் சப்பாத்துப் பார்க்கிறவர்கள். இதைத் தமிழாக்க வேண்டாம் என்பது என் கட்சி. எங்கட பெடியன் பாயில் இருந்து வெறுங்காலோடுதான் வாசிக்கிறான்.

இப்போது அவன் தனியே, முள்ளியவளை வீட்டு அறையில், தாளமும் பாட்டும் இல்லாமல் ஒரு இறுவட்டுப் பதிந்திருக்கிறான். ஸ்லோடைவ் என்ற இங்கிலாந்துச் சூகேஸ் குழுவில் ட்ரம்ஸ் அடிக்கும் சைமன் ஸ்கொட் 2012இல் ‘பிலோ சீ லெவல்’ என்று ஒன்று வெளியிட்டார். இங்கிலாந்தில் ஃபென்ஸ் என்கிற, சதுப்பு நீரை வடியவிட்டு வயலாக்கிய தாழ்நிலத்தின் ஒலிகளோடு இசையைக் கலந்தது. அந்த வழிதான் இதுவும். இவனுடையதில் மாரித் தவளையும் மின்விசிறியும்.

> பின்னணி இசை என்று போட்டால் எல்லாருக்கும் விளங்கும்.

விளங்கும், பிழையாக விளங்கும். பின்னணி என்றால் முன்னணியில் ஒரு படம் ஓட வேண்டும். இந்த வகைக்கு அம்பியன்ற் என்ற பெயரை 1978இல் நிலைநிறுத்திய பிரையன் ஈனோ சொன்ன கதை வேறு. 1975இல் விபத்துக்குப் பிறகு படுக்கையில் கிடந்தவருக்கு ஒரு சிநேகிதி யாழ்க்கருவி இசைத்தட்டுக் கொண்டு வந்தார். தட்டைப் போட்டுவிட்டுத் திரும்பப் படுத்தால் சத்தம் மிகக் குறைவு, ஒரு பக்க ஸ்பீக்கரும் வேலை செய்யவில்லை. எழும்பிக் கூட்ட உடம்பில் தெம்பில்லை. வெளியே மழை. மழையும் யாழும் ஒன்றாகிப் போச்சு.

இது எங்களுக்குப் புதினமே? வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலன்று நந்திக்கடலுக்கு மற்றக் கரையில் நின்று பாருங்கோ. காற்றுத் திரும்பினால் நாதஸ்வரம் வரும். என்ன இராகம் என்று பிடிபடாது. அலைச்சத்தம் எங்கே முடிகிறது, நாதஸ்வரத்துக்குச் சுருதி பிடிக்கிற ஒத்து எங்கே தொடங்குகிறது என்றும் தெரியாது.

> அப்ப சூழலிசை?

மரநடுகை விழாப் பாட்டு என்று நினைப்பார்கள். ‘ல்’ஐ எடுத்துவிட்டால் சூழிசை. வினைத்தொகை: சூழ்ந்த, சூழ்கின்ற, சூழும் இசை. ஊறுகாய்க்குக் காலம் இல்லாத மாதிரி, எங்கே தொடங்கியது என்று கேட்க முடியாத இசைக்கு இதைவிடப் பொருத்தமான தொகை கிடையாது. அம்பியன்ற் என்பதன் இலத்தீன் வேரும் ‘சுற்றிச் செல்லல்’தான்.

இந்த இசையில் சத்தத்தை நீளவிட்டுக் கரைய வைக்கிற ‘றிவேப்’பை எதிரொலி என்று எழுதுகிறவர்களோடு எனக்குத் தனிக் கணக்கு இருக்கு. 17 மீற்றர் தள்ளி நிற்கிற சுவர்தான் குரலைப் பத்தில் ஒரு விநாடி பிந்தித் தனியாகத் திருப்பித் தரும், அது எதிரொலி. கிணற்றுக்குள் குனிந்து கூப்பிட்டால் குரல் திரும்பி வராது, அங்கேயே கிடந்து கரையும். அதுக்கு வேறு சொல் வேணும். பிறகு வைத்துக்கொள்வோம்.

- முள்ளியவளையிலிருந்து

---

தம்பி,

இலக்கணம் சரி. ஆனால் நான் 2009இல், போரில் சுற்றிவளைக்கப்பட்ட மாத்தளனில் இருந்தனான். ‘சூழ்’ என்று தொடங்கினால் எனக்கு இசை வராது. இதை ஒரு காரணமாக எடுக்கலாமோ தெரியாது, சொல்லாமல் விடவும் மனமில்லை.

தோயிசை என்று வைத்தால் என்ன? அதுவும் வினைத்தொகைதான். பாலுக்கு உறை விட்டு மூடி வைத்தால் ஆட்டக்கூடாது, அப்பதான் தோயும். நீர் அனுப்பின இரண்டாவது பதிவைக் கேட்கும்போது அப்படித்தான் இருந்தது.

- கிளிநொச்சி

---

அக்கா, வன்னியில் ‘தோயிறது’ என்றால் தலைமுழுகிறது. கடையில் ‘குளியலறைப் பாட்டு’ என்ற தட்டில் வைத்துவிடுவான்!

- வவுனியா

---

ஐயா, அதனால்தான் எனக்கு இன்னும் பிடிச்சிருக்கு. துலாவில் அள்ளித் தலையில் ஊற்றுகிற முதல் வாளியோடு வெளிச்சத்தம் எல்லாம் மங்கிப் போகும், நினைவிருக்கா? கிற்றாரில் இவன் ஐந்து பெடல் போட்டுச் செய்கிறது அதுதான்.

அக்கா, அதைவிட வேறு காரணம் தேவையில்லை. சூழிசையை எடுத்துவிட்டேன். பெடியனிட்டச் சொன்னேன், கொப்பியில் ‘தோயிசை’ என்று நாலைந்து தரம் எழுதிப் பார்த்தான். துணைக்கால் கிற்றார்க் கழுத்து மாதிரி நிற்குது, அதை நீட்டி வரையட்டோ என்று கேட்கிறான். நீட்டச் சொல்லிவிட்டேன்.

- முள்ளியவளையிலிருந்து