ஆறாவது செமஸ்டர் கனடா எக்ஸ்சேஞ்ச் (வாட்டர்லூ): போலாமா? கிரெடிட், வீடு, விசா பத்தி தெரிஞ்சவங்க சொல்லுங்க

கோவை_இசிஇ

எல்லாருக்கும் வணக்கம். நான் கோயம்புத்தூர் பக்கம் ஒரு ஆட்டானமஸ் காலேஜ்ல இசிஇ (எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினியரிங்) மூணாவது வருஷம் படிக்கிறேன். வர்ற ஜனவரில இருந்து ஏப்ரல் வரைக்கும் ஒரு டெர்ம் கனடால வாட்டர்லூ யுனிவர்சிட்டில படிக்க காலேஜ்ல என்னை நாமினேட் பண்ணிருக்காங்க. ட்யூஷன் ஃபீஸ் இங்க கட்டுறதே போதும், அங்க தனியா கட்ட வேண்டாம்னு காலேஜ் ஐஆர் (இன்டர்நேஷனல் ரிலேஷன்ஸ்) ஆபீஸ்ல சொல்லிட்டாங்க, ஆனா டிக்கெட், வாடகை, சாப்பாடு, இன்சூரன்ஸ் எல்லாம் நம்ம கைக்காசு தான்.

அப்பா சரின்னுட்டாரு. அம்மா தான் ஒரு வாரமா இதே பேச்சு, போறதுன்னா மாஸ்டர்ஸுக்கு ஒரேடியா போயேன், நாலு மாசத்துக்கு எதுக்கு இவ்ளோ செலவு, அதுவும் மார்கழில அந்தக் குளிர்லன்னு. எனக்கும் பதில் சொல்லத் தெரியல. எங்க சீனியர்ஸ்ல ஜெர்மனி போனவங்க இருக்காங்க, கனடா போனவங்க யாரும் இல்ல. அந்த ஜெர்மனி அக்கா ஒருத்தங்க திரும்பி வந்ததும் ரெண்டு பேப்பருக்கு கிரெடிட் குடுக்கலன்னு ஏழாவது செம்ல சேத்து எழுதினாங்க, அதுதான் எனக்கு பெரிய பயம், ஏன்னா ஏழாவது செம்ல பிளேஸ்மென்ட் ஆரம்பிச்சிடும்.

கிரெடிட் டிரான்ஸ்ஃபர் நிஜமா எப்படி நடக்குது, நாலே மாசத்துக்கு வீடு யார் தருவாங்க, ஸ்டடி பர்மிட் வேணுமா விசிட்டர் விசா போதுமா, அங்க பார்ட் டைம் வேலை பாத்து கொஞ்சமாவது செலவை சமாளிக்கலாமா, இதெல்லாம் தெரிஞ்சவங்க சொன்னா ரொம்ப உதவியா இருக்கும். நான் சுத்த சைவம், அதையும் சொல்லிடறேன்.

வைகைக்கரை

நானும் இதே மாதிரி ஆறாவது செம்ல வாட்டர்லூ போயிட்டு வந்தவன் தான், இப்ப சென்னைல விஎல்எஸ்ஐ (சிப் டிசைன்) பக்கம் வேலை. போங்க. ஆனா கிரெடிட் விஷயத்தை எழுத்துல வாங்காம ஃப்ளைட் டிக்கெட் போடாதீங்க, மத்தது எல்லாத்தையும் அங்க போய் கூட சரி பண்ணிக்கலாம், இது ஒண்ணு மட்டும் அங்க இருந்து பண்ணவே முடியாது.

எப்படின்னா, வாட்டர்லூல ஒரு கோர்ஸுக்கு டிரான்ஸ்கிரிப்ட்ல 0.50 யூனிட்னு தான் போடுவாங்க. நம்ம ஊர்ல ஒரு பேப்பர் மூணு கிரெடிட், நாலு கிரெடிட். எங்க காலேஜ் எக்ஸாம் செல்ல அந்த 0.50ஐ பாத்துட்டு அரை கிரெடிட் தானே படிச்சிருக்கேன்னு ஃபைலை திருப்பி அனுப்பிட்டாங்க, வகுப்பு எத்தனை மணி நேரம், லேப் எவ்ளோன்னு கோர்ஸ் அவுட்லைன் எல்லாம் பிரிண்ட் எடுத்துக் காட்டி, போறதுக்கு முன்னாடி ஹெச்ஓடி கையெழுத்து போட்ட மேப்பிங் ஷீட்டையும் வச்சப்புறம் தான் ஏத்துக்கிட்டாங்க. அந்த ஷீட் இல்லேன்னா என் கதையும் உங்க சீனியர் கதை தான். அதனால அங்கத்த இந்த கோர்ஸ் இங்கத்த இந்த பேப்பருக்கு சமம், அங்க ஒரு கோர்ஸ் இங்க இத்தனை கிரெடிட்னு ஒவ்வொரு வரியா போட்டு ஹெச்ஓடி, டீன், சிஓஇ (எக்ஸாம் கன்ட்ரோலர்) மூணு பேர்கிட்டயும் கையெழுத்து வாங்குங்க, சீலோட.

நாலு கோர்ஸ் எடுக்கப் போறீங்கன்னா எட்டுக்காவது மேப்பிங் வாங்கி வைங்க. அங்க இன்ஜினியரிங் பசங்க கோ-ஆப்ல நாலு மாசம் படிப்பு நாலு மாசம் வேலைன்னு மாறி மாறி போறதால ஒவ்வொரு பேட்சும் ஒண்ணா தான் நகரும், சீட்டு முதல்ல அவங்களுக்குத் தான், மிச்சம் இருந்தா தான் நமக்கு. நீங்க நினைச்ச கோர்ஸ் வின்டர் டெர்ம்ல இல்லாமலே கூட போகலாம். ஆட், டிராப் பண்றதுக்கு டெர்ம் ஆரம்பத்துல ஒரு கெடு தேதி இருக்கும், அதுக்குள்ள மாத்திக்கணும், அப்ப கையில மேப்பிங் இருந்தா தைரியமா மாத்தலாம், இல்லேன்னா ராத்திரி பூரா காலேஜுக்கு மெயில் போட்டுட்டு உக்காந்திருக்கணும்.

அடுத்தது மார்க். வாட்டர்லூல நூத்துக்கு தான் மார்க், ஆனா எண்பது தாண்டினாலே அங்க நல்ல மார்க். நம்ம ஊர்ல ஓ கிரேடுக்கு தொண்ணூறு வேணும். அப்படியே நேருக்கு நேர் மாத்தினா சிஜிபிஏ இறங்கும், கம்பெனி கட் ஆஃப் பக்கத்துல இருக்கறவங்களுக்கு அது பெரிய அடி. வெறும் பாஸ்னு போட்டு கிரெடிட்டை மட்டும் ஏத்துக்க உங்க ரெகுலேஷன்ல வழி இருக்கான்னு இப்பவே கேளுங்க, வழி இருந்தா அதையும் அதே ஷீட்ல எழுதி வாங்கிடுங்க.

படிப்பு வேற மாதிரி இருக்கும். வாராவாரம் அசைன்மென்ட், லேப், நடுவுல மிட்டெர்ம், கடைசி எக்ஸாமுக்கு முந்தின நாள் உக்காந்து படிச்சு தேத்தறது அங்க நடக்காது. லேப் ரிப்போர்ட்டை ஃப்ரெண்டுக்கு அனுப்பி பாத்து எழுதிக்கோன்னு சொல்ற பழக்கத்தை இங்கயே விட்டுட்டுப் போங்க, பாத்து எழுதினவங்க மட்டுமில்ல குடுத்தவங்க மேலயும் ஆக்‌ஷன் எடுப்பாங்க, வாட்டர்லூவோட மாணவர் ஒழுங்கு விதி அது, பாலிசி 71னு தேடிப் படிங்க. ப்ரொஃபசர், அவருக்கு உதவியா இருக்கற டிஏ (டீச்சிங் அசிஸ்டென்ட்) ரெண்டு பேருக்கும் ஆபீஸ் ஹவர்ஸ் உண்டு, சும்மா கதவைத் தட்டிட்டு உள்ள போய் இந்த டெரிவேஷன் புரியலன்னு கேக்கலாம், போர்டுல எழுதி எழுதி சொல்லித் தருவாங்க. எனக்கு சிக்னல்ஸ் பிடிக்க ஆரம்பிச்சதே அப்படித்தான்.

மாலை_நேரம்

எல்லாரும் போ போன்னு தான் சொல்லுவீங்க, நான் மாத்தி சொல்றேன், கோச்சுக்காதீங்க தங்கச்சி. பிஆர் (அங்கயே நிரந்தரமா குடியிருக்கற அனுமதி) கனவு, வேலை கனவு மனசுல இருந்தா இந்த நாலு மாசம் அதுக்கு எந்த விதத்துலயும் உதவாது. படிச்சு முடிச்சப்புறம் கிடைக்கிற ஒர்க் பர்மிட்டுக்கு அங்கயே குறைஞ்சது எட்டு மாச கோர்ஸ் படிச்சு முடிச்சிருக்கணும், எக்ஸ்சேஞ்ச் அதுல சேராது. பார்ட் டைம் வேலையும் மறந்துடுங்க, விசிட்டர் விசால போனா கேம்பஸ் உள்ள கூட வேலை பாக்கக் கூடாது, ஸ்டடி பர்மிட்டே வாங்கிட்டு போனாலும் எக்ஸ்சேஞ்ச் ஸ்டூடன்டுக்கு கேம்பஸுக்கு வெளிய வேலை செய்ய அனுமதி இல்ல. வீட்ல கடன் வாங்கித்தான் அனுப்பணும்னா உங்க அம்மா சொல்றது நியாயம், அந்தக் காசை மாஸ்டர்ஸுக்கு வைங்க. கடன் இல்லாம சமாளிக்க முடியும்னா அப்ப நான் ஒண்ணும் சொல்லல.

குளிர்மலர்_ஸ்காபரோ

தங்கச்சி, நான் டொரொன்டோவின்ர ஸ்காபரோவில இருக்கிறன், வாட்டர்லூவில தான் படிச்சனான். வீட்டைப் பற்றி நீங்கள் கனக்க யோசிக்கத் தேவையில்லை, நாலு மாசத்துக்கு வீடு எடுக்கிறதுக்கு கனடாவிலயே வாட்டர்லூவை விட லேசான இடம் இல்லை எண்டு தான் சொல்லுவன். கோ-ஆப்புக்கு டொரொன்டோ, ஒட்டாவா எண்டு போற பிள்ளையள் தங்கட அறையை நாலு மாசத்துக்கு சப்லெட் (உள்வாடகை) விட்டிட்டுத் தான் போவினம், ஜனவரி ஒண்டில இருந்து ஏப்ரல் முடிய எண்டு நிறைய வரும். கட்டில், மேசை எல்லாம் அதிலயே இருக்கும். வாடகைக்குள்ள ஹீட்டிங், தண்ணி, இன்டர்நெட் அடங்குமோ எண்டு மட்டும் வடிவா கேளுங்கோ.

ஆனா காசு அனுப்பிறதில சரியான கவனம் வேணும். வீட்டைக் காட்டாமல் படத்தை மட்டும் அனுப்பிப்போட்டு இண்டைக்கே இ-டிரான்ஸ்ஃபர் பண்ணுங்கோ இல்லாட்டி வேற ஆளுக்குக் குடுத்திடுவன் எண்டு அவசரப்படுத்தினா விட்டிடுங்கோ, அப்பிடி அனுப்பின காசு திரும்பி வராது. வீடியோ கோல் எடுத்து அறையில இருந்து சமையலறை வரைக்கும் நடந்து காட்டச் சொல்லுங்கோ, கட்டிடத்தின்ர வாசலையும் காட்டச் சொல்லுங்கோ. வாட்டர்லூ இருக்கிற ஒன்டாரியோ மாகாணச் சட்டப்படி கடைசி மாச வாடகையை முன்பணமா கேக்கலாம், டேமேஜ் டெபாசிட் எண்டு தனியா கேக்கேலாது. அப்பிடிக் கேட்டா சட்டத்தில இல்லை எண்டு சொல்லுங்கோ.

குளிர் உடுப்பை ஊரில வாங்கி பெட்டியை நிரப்பாதேங்கோ. உள்ளுக்குப் போடுற தெர்மல் மட்டும் கொண்டு வாங்கோ. ஜாக்கெட், சப்பாத்து இங்க வந்து வேண்டலாம், வேல்யூ வில்லேஜில பழசு நல்லதா கிடைக்கும், டிசம்பர் 26க்கு முன்னம் வந்தா பொக்சிங் டே மலிவிலயும் எடுக்கலாம். சப்பாத்து தண்ணி புகாததா, அடி வழுக்காததா இருக்கோணும், ஜாக்கெட்டை விட அதுக்குத் தான் காசைப் போடுங்கோ. ரோட்டில உப்புப் போடுவினம், அந்த உப்புத்தண்ணி தோலில வெள்ளையாப் பிடிச்சு ரெண்டு கிழமையில வெடிப்பு விட்டிடும், வீட்டுக்கு வந்த உடன ஈரத்துணியால துடைச்சு விடுங்கோ. காலமை வெளிக்கிட முன்னம் வெப்பநிலையைப் பாக்காதேங்கோ, காத்தையும் சேத்துக் கணக்குப் பாக்கிற விண்ட் சில் எவ்வளவு எண்டு பாருங்கோ. அது -28க்குக் கீழ போனா மூடாத தோல் பத்து நிமிசத்தில இருந்து அரை மணித்தியாலத்துக்குள்ள விறைச்சுப் புண்ணாகலாம். ஆனா கம்பஸுக்குள்ள கட்டிடங்களுக்கு இடையில சுரங்கப்பாதையும் மேம்பாலமும் இருக்கு, வழி பிடிபட்டா வெளியில வராமலே கன தூரம் போகலாம். மார்ச், ஏப்ரலில கம்பஸ் முழுக்க வாத்து கூடு கட்டும், கிட்டப் போகாதேங்கோ, கலைச்சுக் கொத்தும், உண்மையாத் தான் சொல்லுறன்.

சைவச் சாப்பாட்டுக்கு ஒரு குறையும் இல்லை. அரிசி, பருப்பு, தயிர் எல்லாம் வாட்டர்லூவிலயே இருக்கு. விலைச் சீட்டில உள்ளதோட 13 வீதம் எச்எஸ்டி சேரும், ஆனா அரிசி, பால், மரக்கறிக்கு அந்த வரி இல்லை, அதனால சமைச்சுச் சாப்பிட்டா செலவு குறையும். ஸ்காபரோவுக்கு ஒருக்கா வாங்கோ, இடியப்பமும் சொதியும், உறைஞ்ச முருங்கைக்காய், தேங்காய்ப்பூ எல்லாம் எங்கட கடையளில கிடைக்கும். நீங்கள் வாற ஜனவரி மாசம் இங்க தமிழ் மரபுத் திங்கள், 2016இல நாடாளுமன்றம் ஏற்றுக்கொண்டது, பொங்கல் விழா ஒவ்வொரு கிழமையும் எங்கயாவது நடக்கும். வீட்டு நினைவு வந்தா ஒரு சனிக்கிழமை பஸ் ஏறுங்கோ.

பாடவேளை

நான் ஒரு காலேஜ்ல இன்டர்நேஷனல் ரிலேஷன்ஸ் வேலையையும் சேத்துப் பாக்கற ஆசிரியர். விசா பத்தி கேட்டீங்க இல்லம்மா, அதைச் சொல்றேன். ஆறு மாசமோ அதுக்குக் குறைவாவோ இருக்கற படிப்புக்கு ஸ்டடி பர்மிட் தேவை இல்ல, ஆனா இந்திய பாஸ்போர்ட்டுக்கு விசிட்டர் விசா கட்டாயம். விசாவுக்கு 100 கனடா டாலர், பயோமெட்ரிக்ஸுக்கு 85. ஆன்லைன்ல அப்ளை பண்ணிட்டு சென்னை விஎஃப்எஸ் விசா மையத்துல போய் விரல் ரேகை குடுக்கணும். வாட்டர்லூ லெட்டர், உங்க காலேஜ் நாமினேஷன் லெட்டர், அப்பாவோட பேங்க் ஸ்டேட்மென்ட் இதோட, ஜூன்ல இவங்க ஏழாவது செமஸ்டருக்கு இங்க திரும்ப வந்தே ஆகணும், டிகிரி இன்னும் முடியலன்னு பிரின்சிபால் கையெழுத்துல ஒரு கடிதம் வைங்க. திரும்பி வருவாங்களாங்கறது தான் அவங்க பாக்கற முதல் விஷயம். அங்க போய் இன்னொரு டெர்ம் நீட்டிக்கற எண்ணம் துளி இருந்தாலும் இங்க இருந்தே ஸ்டடி பர்மிட்டுக்கு போட்டுடுங்க.

ஒன்டாரியோல யுஹெச்ஐபிங்கற மருத்துவ இன்சூரன்ஸ் எக்ஸ்சேஞ்ச் மாணவர்களுக்கும் கட்டாயம். டாக்டர், ஆஸ்பத்திரி செலவு அதுல வரும், பல்லும் மாத்திரையும் வராது. பல் டாக்டரை இங்கயே பாத்துட்டுப் போங்க, கண்ணாடி போடறவங்கன்னா இன்னொரு ஜோடி எடுத்து வைங்க.

மாலை_நேரம் சொன்ன கணக்கெல்லாம் சரி, அதோட முடிவு மட்டும் எனக்கு ஒத்து வரல. வருஷா வருஷம் போயிட்டு வர்ற பிள்ளைங்களைப் பாக்கறேன், கேள்வி கேக்கப் பழகிட்டு வராங்க, தெரியாததைத் தெரியலன்னு சபைல சொல்லப் பழகிட்டு வராங்க, அது எங்க வகுப்புல நாங்க கத்துக்குடுக்கத் தவறின விஷயம், மனசார சொல்றேன். மாஸ்டர்ஸுக்கு ஆசைப்பட்டா அந்த ஊரும் அந்தப் படிப்பும் நமக்கு ஒத்துக்குமான்னு பெரிய கடன் வாங்கறதுக்கு முன்னாடியே தெரிஞ்சிடும், அம்மாகிட்ட இதைச் சொல்லிப் பாருங்க. பண வசதி நிஜமாவே கஷ்டம்னா மைடாக்ஸ் குளோபலிங்க் ரிசர்ச் இன்டர்ன்ஷிப்னு ஒண்ணு இருக்கு, கனடா யுனிவர்சிட்டி லேப்ல 12 வாரம், உதவித்தொகையோட. ஆனா அதுக்கு முந்தின வருஷமே அப்ளை பண்ணணும், உங்களுக்கு நேரம் தாண்டிடுச்சு, உங்க ஜூனியர்ஸ்கிட்ட சொல்லுங்க.

கோவை_இசிஇ

எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி. கடன் எதுவும் இல்ல, அப்பா எனக்குன்னு போட்டு வச்ச ஆர்டி முடியுது, அதுல தான் போறேன். இன்னைக்கு ஹெச்ஓடி மேம்கிட்ட மேப்பிங் ஷீட் கொண்டு போனேன், எட்டு கோர்ஸ்ல ஆறுக்கு கையெழுத்து போட்டுட்டாங்க, ரெண்டுக்கு சிலபஸ் இன்னும் விவரமா கேட்டாங்க. 0.50 யூனிட் விஷயத்தை சிஓஇ சார்கிட்ட சொன்னதும் அவரே தனியா ஒரு வரி எழுதி சீல் வச்சுக் குடுத்தாரு, வைகைக்கரை அண்ணா, அது உங்களால தான். பாஸ் மட்டும் போட்டு எடுக்கறதுக்கு அகாடமிக் கவுன்சில்ல வைக்கணுமாம், அடுத்த மாசம் தெரியும்.

பாடவேளை சார் சொன்னதை அப்படியே அம்மாகிட்ட படிச்சுக் காட்டினேன். அம்மா இப்ப செலவைப் பத்தி பேசறதில்ல, வேற ரெண்டு கேள்வி தான் கேக்கறாங்க. எனக்கு முடி இடுப்பு வரைக்கும் இருக்கு, வாரம் ரெண்டு தடவை எண்ணெய் வச்சு தலைக்கு குளிப்பேன், அங்க அது முடியுமாம்மான்னு. அப்புறம் தினம் எத்தனை மணிக்கு ஃபோன் பேசலாம்னு. குளிர்மலர் அக்கா, நீங்க தான் சொல்லணும்.

குளிர்மலர்_ஸ்காபரோ

தாராளமா முழுகலாம் எண்டு அம்மாட்ட சொல்லுங்கோ, வீட்டுக்குள்ள சூடாத் தான் இருக்கும், சுடுதண்ணி எந்த நேரமும் வரும். காலமை மட்டும் முழுகாதேங்கோ. ஈரத்தலையோட வெளியில போனா நுனி முடி குச்சி மாதிரி விறைச்சு நிக்கும், பிடிச்சு இழுத்தா முறியும். வெள்ளி பின்னேரம் முழுகி, காய விட்டு, பின்னிக்கொண்டு படுங்கோ. ஹீட்டர் காத்துக்குத் தலையும் தோலும் நல்லாக் காயும், அதனால எண்ணெய் வைக்கிறதை விடாதேங்கோ, உதட்டுக்கும் கைக்கும் வாசலின் பையில இருக்கட்டும்.

நீங்கள் வரேக்க இந்தியா எங்களை விட பத்தரை மணித்தியாலம் முன்னுக்கு. இங்க காலமை எட்டு மணி எண்டா அங்க பின்னேரம் ஆறரை, வகுப்புக்கு வெளிக்கிட முன்னம் அந்த நேரம் தான் ரெண்டு பேருக்கும் தோது. மார்ச் மாசம் ரெண்டாவது ஞாயிறு இங்க மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளுவினம், அதுக்குப் பிறகு ஒன்பதரை தான் வித்தியாசம், நீங்கள் அதே எட்டு மணிக்கு எடுத்தா அம்மாவுக்கு அஞ்சரை. இதை முன்னமே சொல்லி வையுங்கோ. மற்ற ரெண்டு கோர்ஸுக்கும் சிலபஸ் கிடைக்காட்டி எனக்கு தனிமடல் போடுங்கோ, என்னட்ட பழைய கோர்ஸ் அவுட்லைன் இருக்கு, தேடி அனுப்புறன்.